ஏற்காட்டில் 118, சேலத்தில் 127: அந்தப் பத்து மைக்ரோ சீரம் எங்கே போகிறது?

ஏற்காட்டில் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியனாக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரே சீரத்தை (ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்தபின் கிடைக்கும் தெளிந்த நீர்) இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மலையிலேயே செமி ஆட்டோ அனலைசரில் (கையால் கலந்து கொடுத்தால் அளந்து சொல்லும் மெஷின்) ஓட்டினாராம். மறு பாதியைச் சேலத்தில் தெரிந்த லேபுக்குக் கொடுத்தனுப்பினாராம். மேலே சர்க்கரை 118, கீழே 127. நாலைந்து ஆட்களுடைய சீரத்தில் இப்படிப் பார்த்துவிட்டார், எப்போதும் மேலேதான் குறைவு. அவரிடம் இருப்பது 10 முதல் 100 மைக்ரோ (மைக்ரோலிட்டர், ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை திருகி வைக்கும் பைப்பெட், அதாவது திரவத்தை அளந்து உறிஞ்சி விடும் கைக்கருவி. கேலிபரேஷன் சான்றிதழில் 'பாஸ்'. மெஷினைக் கொடுத்தவர் சேலத்திலேயே ஸ்டாண்டர்ட் (சர்க்கரை எவ்வளவு என்று முன்பே தெரிந்த திரவம்) ஓட்டி, ஃபேக்டரை (மெஷின் அளப்பதைச் சர்க்கரை அளவாக மாற்றும் பெருக்கெண்) பதிந்து, மேலே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து அதே ஃபேக்டர்தான். "உயரமான இடத்தில் பைப்பெட் குறைவாக எடுக்கும் என்கிறார்களே, அதுதான் காரணமா? புதுசு வாங்க வேண்டுமா?" என்பது அவர் கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது சில்லறை வித்தியாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டால் அது சர்க்கரை நோய்க்கான எல்லை. 118 வந்தவரிடம் "சாப்பாட்டைப் பார்த்துக்குங்க" என்பார்கள். 127 வந்தவருக்கு இன்னொரு டெஸ்ட், அப்புறம் மாத்திரைச் சீட்டு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான சீரம். ஒரு சொட்டு மழைத்துளியில் அதுபோல் பல மடங்கு இருக்கும்.

சரி, உயரத்துக்கு வருவோம். உயரத்தால் பைப்பெட் குறைவாக எடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் உங்களுக்குக் காணாமல் போகும் அளவுக்கு அது எடுத்துக்கொள்ளாது.

நம் கையில் இருக்கும் பைப்பெட் சீரத்தைத் தொடுவதே இல்லை. உள்ளே பிஸ்டன் மேலே போகிறது, அதற்குக் கீழே கொஞ்சம் காற்று, அந்தக் காற்றுக்குக் கீழே டிப்பில் (கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் முனை) சீரம். பிஸ்டன் பத்து மைக்ரோ காற்றை இழுத்தால் அந்த இடத்துக்குச் சீரம் ஏறி வருகிறது. அதாவது நாம் அளப்பது காற்றை. காற்று ஸ்பிரிங் மாதிரி. டிப்பில் தொங்கும் சீரம் தன் எடையால் அந்த ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கீழே இழுக்கிறது. இழுத்த அளவுக்குச் சீரம் குறைவாக ஏறும். பைப்பெட் செய்யும் கம்பெனிக்காரர்கள் இதைத் தெரிந்தே பிஸ்டனைக் கொஞ்சம் கூடுதலாக நகரும்படி வைத்திருப்பார்கள். ஆனால் அவர்கள் அதைச் சரிசெய்தது தாழ்வான ஊரின் காற்றில்.

ஏற்காடு பஸ்ஸில் ஏறும்போது அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இருபதாவது வளைவுக்குள் தலையணை மாதிரி உப்பிவிடும், பார்த்திருப்பீர்கள். வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்ததால் உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. பைப்பெட்டுக்குள்ளும் அதே கதைதான். காற்று மெலிந்தால் ஸ்பிரிங் தொளதொளவென்று ஆகும், அதே சீரம் கூடுதலாக இழுக்கும்.

கணக்காகவே பார்த்துவிடலாம். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் சுமார் 10.3 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே 10 மீட்டர் என்று வையுங்கள். ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர், அங்கே 8.6 மீட்டர்தான். (தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்து, பருப்பு வேக நேரமாவதும் இதனால்தான்.) மஞ்சள் டிப்பில் பத்து மைக்ரோ சீரம் சுமார் 1.2 சென்டிமீட்டர் நிற்கிறது, அதற்கு மேலே 300 மைக்ரோ காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேலத்தில் அந்தக் காற்று 0.36 மைக்ரோ விரியும். ஏற்காட்டில் 0.42. வித்தியாசம் 0.06 மைக்ரோ. டிப்பின் நுனி தானாக உறிஞ்சும் விசையை நான் விட்டுவிட்டேன், ஆனாலும் அளவு இந்தச் சுற்றில்தான் வரும். பத்தில் 0.06 என்றால் 0.6 சதவீதம். 127 என்பது 126-க்குச் சற்று மேலே நிற்கும். முழுதாக ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. நீங்கள் சொல்வதோ ஒன்பது புள்ளி. ஆக மலையின் மேல் போட வேண்டிய பழி பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மீதி எங்கே?

உங்கள் கேள்வியில் எனக்கு உடனே உறுத்தியது இரண்டு விஷயம். ஒன்று, 10–100 பைப்பெட்டை அதன் கடைசிப் படியில், பத்தில் வைத்து வேலை செய்கிறீர்கள். இரண்டு, ஃபேக்டர் வேறொருவர் கையில், வேறொரு பைப்பெட்டில், வேறொரு ஊரில் பிறந்தது.

சான்றிதழில் 'பாஸ்' என்று இருக்கிறதே என்பீர்கள். அதற்கு அர்த்தம் என்ன என்று பாருங்கள். பைப்பெட்டுகளுக்கான ஐஎஸ்ஓ 8655 தரத்தில், 100 மைக்ரோ பைப்பெட்டுக்கு அனுமதித்த முறையான பிழை (எப்போதும் ஒரே பக்கமாக வரும் பிழை) 0.8 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திருகி வைக்கும் பைப்பெட்டில் அந்தச் சதவீதத்தை அதன் உச்ச அளவுக்குத்தான் கணக்குப் போடுவார்கள். 100-இல் 0.8 சதவீதம் என்றால் 0.8 மைக்ரோ. அந்த 0.8 மைக்ரோவே கீழே 10 வரைக்கும் அனுமதி. பத்து மைக்ரோவில் 0.8 குறைந்தால் அது 8 சதவீதம்! உங்கள் பைப்பெட் பத்து என்று காட்டி 9.3 மைக்ரோ எடுத்தாலும் பாஸ்தான். சான்றிதழ் பொய் சொல்லவில்லை, நாம்தான் அதை வேறு மாதிரிப் படிக்கிறோம். முதல் தடவை எனக்கே இது தெரிந்தபோது, அதுவரை கொடுத்த ரிப்போர்ட்டுகளை எல்லாம் நினைத்து வயிற்றைக் கலக்கியது.

இப்போது ஃபேக்டர். நாம் தினமும் போடும் கணக்குதான், ஆனால் மெஷினே செய்துவிடுவதால் மறந்துவிடுகிறோம். 100 மில்லிகிராம் ஸ்டாண்டர்டில் பத்து மைக்ரோ எடுத்து 1000 மைக்ரோ ரீஏஜென்டில் (சர்க்கரையோடு சேர்ந்து நிறம் தரும் திரவம்) விட்டால், ஓடி (O.D., அந்த நிறம் எவ்வளவு ஒளியைத் தடுக்கிறது என்று மெஷின் காட்டும் எண்) 0.320 வருகிறது என்று வையுங்கள். 100-ஐ 0.320-ஆல் வகுத்தால் ஃபேக்டர் 312.5. அது சேலத்தில், பொருத்த வந்தவரின் பைப்பெட்டில் வந்தது. அந்தப் பைப்பெட் சரியாகப் பத்து எடுத்தது என்றே இருக்கட்டும். நீங்கள் மேலே உங்கள் பைப்பெட்டில் 127 உள்ள சீரத்தை எடுக்கிறீர்கள். ஏறுவது 9.3 மைக்ரோ. ஓடி 0.406 வர வேண்டியது 0.378 வரும். அதை 312.5-ஆல் பெருக்குங்கள். 118!

அதே பைப்பெட்டில், அதே காலையில், ஸ்டாண்டர்டையும் நீங்களே எடுத்திருந்தால்? அதுவும் 9.3 மைக்ரோதான் ஏறியிருக்கும். ஸ்டாண்டர்டின் ஓடி 0.320-க்குப் பதில் 0.2976. ஃபேக்டர் 336. சீரத்தின் 0.378-ஐ 336-ஆல் பெருக்கினால் 127. பைப்பெட் அப்படியேதான் இருக்கிறது, மலையும் அப்படியேதான் இருக்கிறது, பதில் மட்டும் சரியாகிவிட்டது. இரண்டிலும் ஒரே குறை இருப்பதால் வகுக்கும்போது அடிபட்டுப் போகிறது. உயரத்தால் வரும் அந்த 0.06 மைக்ரோவும் இதே வழியில் போய்விடும்.

அதனால் செலவில்லாத வேலையை முதலில் செய்யுங்கள். நாளைக் காலையில் பழைய ஃபேக்டரை எழுதி வைத்துக்கொண்டு, பிளாங்க் (வெறும் ரீஏஜென்ட்), ஸ்டாண்டர்டை மூன்று டியூப், அப்புறம் கன்ட்ரோல் சீரம் (எவ்வளவு வர வேண்டும் என்ற எல்லை பாட்டிலிலேயே எழுதியிருக்கும் சீரம்), எல்லாவற்றையும் உங்கள் கையாலேயே போட்டு ஓட்டுங்கள். புது ஃபேக்டர் பழையதைவிட ஏழெட்டு சதவீதம் கூடுதலாக வந்தால் திருடன் அகப்பட்டான். கிட் லாட் (ரீஏஜென்ட் பெட்டியின் தயாரிப்புத் தொகுதி) மாறும்போதும், பைப்பெட் மாறும்போதும், கீழே விழுந்து எடுத்தபோதும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

இதோடு முடிந்துவிட்டால் நல்லது. ஆனால் முழுக்க முடியாது. ஸ்டாண்டர்ட் பெரும்பாலும் தண்ணீர் மாதிரி இருக்கும். சீரம் அப்படி இல்லை. அதில் புரதம் இருக்கிறது, டிப்பின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஜவ்வரிசிக் கஞ்சியைத் தம்ளரில் ஊற்றிக் கவிழ்த்துப் பாருங்கள், தண்ணீர் ஊற்றிய தம்ளருக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும். சேலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஸ்டாண்டர்டில் ஒட்டாததும் சீரத்தில் ஒட்டுவதும் ஃபேக்டரில் அடிபடாது. இங்கேதான் கைப்பழக்கம் வருகிறது.

நான் செய்வதைச் சொல்கிறேன். புது டிப்பைப் போட்டதும் சீரத்தை இரண்டு மூன்று தடவை இழுத்து அதே டியூபிலேயே விடுவேன். உலர்ந்த டிப்பின் உட்சுவர் நனையும், மேலே உள்ள காற்றும் ஈரமாகும். முதல் இழுப்பில் சீரத்திலிருந்து கொஞ்சம் ஆவி அந்த உலர்ந்த காற்றுக்குள் போகும், காற்று விரியும், ஏறுவது குறையும். நனைத்தபின் அந்தச் சிக்கல் இல்லை. அப்புறம் பொத்தானை முதல் தடை வரை (வைத்த அளவு அங்கே முடியும், மிச்சத்தை ஊதித் தள்ள அதற்குக் கீழே இரண்டாவது தடை உண்டு) அழுத்தி, நுனி இரண்டு மில்லிமீட்டர் மட்டும் மூழ்கும்படி, பைப்பெட்டைச் செங்குத்தாகப் பிடித்து, கட்டைவிரலை மெதுவாக விடுவேன். விட்டதும் ஒரு நொடி சும்மா இருப்பேன். அந்த ஒரு நொடியில்தான் சீரம் கடைசிக் கொஞ்சத்தை ஏறி முடிக்கும். பலர் இங்கேதான் அவசரப்படுவார்கள். நுனி வெளியே வந்தபின் மிச்சத்துக்குக் காற்று ஏறும்.

ஆழமாக முக்கினால் இன்னொரு வம்பு. டிப்பின் வெளிப்பக்கம் முழுக்கச் சீரம் பூசிக்கொள்ளும், அதுவும் ரீஏஜென்டுக்குள் போகும். பத்து மைக்ரோவில் வேலை செய்யும்போது வெளியே தொங்கும் ஒரு சின்னத் துளியே மொத்தக் கணக்கையும் மாற்றிவிடும். டியூபின் வாயில் நுனியைத் தொட்டு எடுத்தாலே போதும். பஞ்சால் துடைப்பதானால் பக்கவாட்டில் மட்டும், துளையைத் தொட்டால் பஞ்சு உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும்.

விடும்போது நுனியை ரீஏஜென்டுக்குள்ளேயே வைத்து விட்டு, அந்த ரீஏஜென்டையே இரண்டு மூன்று தடவை இழுத்து விட்டு டிப்பைக் கழுவிவிடுங்கள். சுவரில் ஒட்டியதும் வந்து சேரும். உலர்ந்த டியூபின் அடியில் சீரத்தை விட்டுவிட்டு மேலே ரீஏஜென்ட் ஊற்றும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், சீரத்தில் ஒரு பகுதி டிப்போடு குப்பைக்குப் போகிறது என்று வையுங்கள். என் ஊகம், உங்கள் ஒன்பது புள்ளியில் ஒன்றிரண்டு இங்கே இருக்கலாம்.

கெட்டியான திரவத்துக்கு ரிவர்ஸ் முறை என்று ஒன்றைப் படித்திருப்பீர்கள்: இரண்டாவது தடை வரை அழுத்தி இழுப்பது, விடும்போது முதல் தடையோடு நிறுத்துவது. டிப்பில் கொஞ்சம் மிஞ்சும், அதைத் தூக்கிப் போடுவோம். நல்ல முறைதான், நுரைக்கும் திரவத்துக்கும் உதவும். ஆனால் ரிவர்ஸில் எடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் டிப்பையும் ரீஏஜென்டில் கழுவினால் கூடுதலாகப் போய்விடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஸ்டாண்டர்டுக்கும் கன்ட்ரோலுக்கும் நோயாளிக்கும் அதையே செய்யுங்கள். பத்து மைக்ரோவை ஆயிரத்தில் விடும் வேலைக்கு நான் சாதாரண முறையும் கழுவலும்தான். ரிவர்ஸை ரீஏஜென்ட் பிரிக்கும்போது வைத்துக்கொள்கிறேன்.

வெப்பநிலையையும் பாருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சீரத்தை உடனே இழுத்தால் டிப்பில் உள்ள காற்று குளிர்ந்து சுருங்கும், கூடுதலாக ஏறும். சூடான திரவத்தில் நேர்மாறு. ஏற்காட்டில் டிசம்பர் காலையில் அறை 15 டிகிரி இருக்கும், உங்கள் கையோ சூடு. பைப்பெட்டைக் கையிலேயே அரைமணி நேரம் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் அதன் உடம்புக்குள் இருக்கும் காற்றும் சூடாகும். நடுநடுவே ஸ்டாண்டில் மாட்டுங்கள். சீரமும் ரீஏஜென்டும் அறையின் சூட்டுக்கு வந்தபின் தொடங்குங்கள். குளிர்ந்த ரீஏஜென்டை அப்படியே 37 டிகிரிக்குக் கொண்டுபோனால் அதில் கரைந்திருந்த காற்று குமிழியாக வெளியே வரும். அந்தக் குமிழி ஃப்ளோ செல்லுக்குள் (மெஷின் திரவத்தை இழுத்து ஒளியை விட்டுப் பார்க்கும் சின்ன அறை) போய் உட்கார்ந்தால் ஓடி கன்னாபின்னாவென்று காட்டும். ஆனால் அது ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். உங்களுடையது எப்போதும் குறைவு என்பதால் குமிழியைச் சந்தேகப்படவில்லை.

திருகும் விதம் பற்றி ஒரு வரி. 50-லிருந்து 10-க்கு இறங்கினால் நேராக நிறுத்தலாம். கீழிருந்து மேலே ஏற்றும்போது இலக்கை மூன்றில் ஒரு சுற்று தாண்டிப்போய், திரும்பி இறங்கி நிறுத்த வேண்டும். திருகில் இருக்கும் தளர்வு அப்போதுதான் ஒரே பக்கமாக இருக்கும்.

கசிவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஃபேக்டரால் சரிசெய்ய முடியாத பிழை இது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சேலத்தில் ஒரு லேபில், இரண்டு வாரம் டோட்டல் புரோட்டீன் எங்களை ஆட்டிவைத்தது. ஒரே கன்ட்ரோல் ஒருநாள் 7.0, மறுநாள் 6.1. கிட்டை மாற்றினோம். கிட்காரரை வரவழைத்துச் சத்தம் போட்டோம். அவர் பாவம் இன்னொரு கிட் இலவசமாகக் கொடுத்தார், அதுவும் அப்படியே. கடைசியில் ஒரு மாலை, பைப்பெட்டில் சீரத்தை எடுத்தபோது யாரோ கூப்பிட, நான் அதைப் பிடித்தபடியே திரும்பிப் பேசிக்கொண்டிருந்தேன். மறுபடி குனிந்து பார்த்தால் மஞ்சள் டிப்பின் நுனியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளி, கீழே விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருக்கிறது. கழற்றிப் பார்த்தோம். உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தில் பழைய சீரம் காய்ந்து, உப்புப் படிந்த மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. டிப்பில் திரவம் இருக்கும்போதே பைப்பெட்டை மேஜையில் படுக்கவைத்திருக்கிறோம், அது உள்ளே ஓடியிருக்கிறது. வேகமாக எடுத்து விட்டவருக்கு 7.0 வந்தது, நிதானமாகச் செய்தவருக்குக் கசிந்து 6.1 வந்தது. நிதானமாகச் செய்தவர் நான்தான்.

அதிலிருந்து தினமும் காலையில் ஒரு சோதனை. தண்ணீரை முழு அளவுக்கு இழுத்து, செங்குத்தாகப் பிடித்து இருபது நொடி எண்ணுவேன். துளி கட்டினால் முதலில் டிப்பை மாற்றிப் பார்ப்பேன். மலிவு டிப் சில பைப்பெட்டில் சரியாக உட்காராது, சுத்தியால் அடிப்பதுபோல் குத்தினாலும் உட்காராது, முனைதான் தேயும். டிப் மாற்றியும் துளி வந்தால் வளையம் போயிற்று.

அந்தக் காலத்தில் இதெல்லாம் இல்லாமல் எப்படிச் சமாளித்தோம் என்றால், வாயால்தான். ஹீமோகுளோபின் பார்க்க 20 மைக்ரோ ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் ரப்பர் டியூப் வைத்து வாயால் உறிஞ்சுவோம். கோடு தாண்டினால் அடுத்தது நாக்கு. ஜெர்மனியின் மார்பர்க்கில் ஹைன்ரிக் ஷ்னிட்கர் என்பவர் இந்த வாய்வேலை பிடிக்காமல் 1957-இல் பிஸ்டனும் ஸ்பிரிங்கும் கழற்றிப் போடும் டிப்பும் வைத்து ஒன்றைச் செய்தார். கடைசிச் சொட்டை ஊதித் தள்ளும் அந்த இரண்டாவது தடையும் அவர் யோசனைதான். எப்பன்டார்ஃப் கம்பெனி அதை 1961-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. திருகி அளவை மாற்றும் வகை 1970களில் கில்சன் மூலமாகப் பரவியது. இன்று மெஷினுக்குள் இருக்கும் ஊசியும் செய்வது அதே வேலைதான்.

பைப்பெட் உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்று பார்க்க நாலு தசமத் தராசு வேண்டும், அது எங்களிடம் இல்லை என்பீர்கள். சேலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தராசு இல்லை என்று சொல்லலாமா? தங்கம் நிறுக்கும் கடைகளில் மூன்று தசமம், அதாவது ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு இருக்கும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தெரிந்தவர் யாராவது இருந்தால் வியாபாரம் இல்லாத நேரத்தில் பத்து நிமிடம் கேளுங்கள். மூடியுள்ள சின்னப் பிளாஸ்டிக் டியூபை வைத்து, பூஜ்யமாக்கி, காய்ச்சி வடித்த தண்ணீரைப் பத்து பத்து மைக்ரோவாக இருபது தடவை விடுங்கள். ஒரு தடவை மட்டும் விட்டால் 10 மில்லிகிராம்தான், அந்தத் தராசில் அதை நம்ப முடியாது. இருபது தடவை விட்டால் 200 மைக்ரோ. 25 டிகிரியில் அது சுமார் 199 மில்லிகிராம் நிற்க வேண்டும். 186 நின்றால் உங்கள் பைப்பெட் ஒரு தடவைக்கு 9.3 எடுக்கிறது என்று அர்த்தம். மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள், தராசும் ஆடும், தண்ணீரும் ஆவியாகும். மூடியைத் திறந்து திறந்து மூட மறக்காதீர்கள்.

இது சராசரியைச் சொல்லும், கை எவ்வளவு சிதறுகிறது என்பதைச் சொல்லாது. அதற்கு உங்கள் மெஷினே போதும். ஒரே ஸ்டாண்டர்டைப் பத்து டியூபில் போட்டு ஓடி எடுங்கள். பத்தும் இரண்டு சதவீதத்துக்குள் நெருக்கமாக நின்றால் உங்கள் கை நல்ல கை. ஐந்து சதவீதம் சிதறினால் ஃபேக்டரை எத்தனை தடவை மாற்றியும் பிரயோஜனம் இல்லை.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். 118 தப்பு, 127 சரி என்று யார் சொன்னது? கீழே இருப்பது பெரிய லேப் என்பதால் அப்படி எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் சீரம் அங்கே போய் என்ன ஆனது என்று கேட்டீர்களா? ஃபுல் ஆட்டோ மெஷினில் சீரத்தைச் சின்னக் கப்பில் ஊற்றி வைப்பார்கள். ஊசி கடைசி வரை உறிஞ்சாது, அடியில் கொஞ்சம் தங்கியே தீரும். அதனால் குறைவான சீரம் வந்தால் முழுக்க ஊற்றிவிட்டு, திறந்த கப்பாக வரிசையில் வைத்துவிடுவார்கள். ஏப்ரல் மாதச் சேலத்தில், மின்விசிறிக்குக் கீழே, நூறு மைக்ரோ சீரம் ஒரு மணி நேரம் திறந்து கிடந்தால் தண்ணீர் ஆவியாகிச் சர்க்கரை ஏறியிருக்கும். சர்க்கரை மட்டுமா, கால்சியம், சோடியம் எல்லாமே சேர்ந்து ஏறும். அப்படி எல்லாம் ஒன்றாக ஏறியிருந்தால் அது ஆவியானதன் அடையாளம். முந்தைய நோயாளியின் சீரம் ஊசியில் ஒட்டி அடுத்த கப்புக்குப் போவதும் உண்டு. ஆனால் நாலைந்து தடவையும் ஒரே பக்கமாக நடக்காது.

ஆகவே இரண்டு லேபிலும் ஒரே லாட் கன்ட்ரோல் சீரத்தை ஓட்டிப் பாருங்கள். பாட்டிலில் எழுதியிருக்கும் எல்லைக்குள் யாருடையது நிற்கிறதோ அவர்தான் அன்றைக்குச் சரி.

கொடுத்தனுப்பும் விஷயத்தில் இரண்டு சொல்கிறேன். சீரத்தைப் பிரித்தபின் அனுப்புகிறீர்கள், நல்லது. பிரிக்காத ரத்தத்தை அனுப்பினால் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், அறைச் சூட்டில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை. வளைவுகளில் குலுங்கினால் செல் உடைவதும் உண்டு. எஸ்டேட்டில் எடுத்து உங்களிடம் வரவே இரண்டு மணி நேரமாகும் ரத்தம் என்றால் ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடி டியூப், அதோடு முடிந்தவரை சீக்கிரம் பிரிப்பது, இரண்டும் வேண்டும். இன்னொன்று, சேலத்தில் மூடிய கன்ட்ரோல் குப்பியோ சின்ன டியூபோ மேலே வந்தால் உள்ளே காற்று அழுத்தத்தோடு இருக்கும், நம் சிப்ஸ் பாக்கெட் மாதிரி. சட்டென்று திறந்தால் மூடியில் ஒட்டியிருந்த துளி முகத்தில் தெறிக்கும். மேலே ஒரு பஞ்சை வைத்து, மெதுவாக நெம்புங்கள். திறப்பதற்குமுன் சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சின்னச் சுற்று விட்டால் மூடியில் உள்ளது அடிக்கு வந்துவிடும்.

கடைசியாக, வாங்குவதா என்ற கேள்வி. வாங்குங்கள், ஆனால் மலைக்காக வேண்டாம். பத்து மைக்ரோவுக்கென்றே நிலையான அளவுள்ள ஒன்று போதும். திருகு கிடையாது, யாரும் கைபட்டு மாற்ற முடியாது, விலையும் குறைவு. கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் 1–10 வகை, அதற்கான குட்டி வெள்ளை டிப்போடு. அதில் சீரத்துக்கு மேலே இருக்கும் காற்று மிகக் குறைவு, ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும், உயரத்தின் அந்த 0.06-உம் இன்னும் சுருங்கும். காற்றே இல்லாமல் பிஸ்டன் நேராகத் திரவத்தைத் தொடும் வகையும் உண்டு, உங்கள் வேலைக்கு அது அநாவசியம். இப்போதிருக்கும் 10–100-ஐத் தூக்கிப் போட வேண்டாம், 50, 100 எடுக்க வைத்துக்கொள்ளுங்கள். புதியது வந்த அன்றைக்கே, முதல் நோயாளியைத் தொடும் முன், அதிலேயே ஸ்டாண்டர்டை மூன்று டியூப் போட்டு ஃபேக்டரைப் புதிதாகப் பதியுங்கள்.